புதுத் தாய்ப்பலகையிற் செலுத்திகள் பொருந்தாமை

கணினியின் தாய்ப்பலகை பழுதுற்றவிடத்தும் காலத்தாற் பிந்தியவிடத்தும் அதனைக் கழற்றிப் புதியதொன்றைப் பொருத்துதல் இன்று இல்லங்களிலும் நிகழும் செயலாகும். பலகை பொருத்தப்பட்டு, விசிறி சுழன்று, திரையில் எழுத்துத் தோன்றியவுடன் வேலை முற்றுப்பெற்றதெனக் கருதுவார் பலர். ஆயின், பணிசெயல் முறைமையை நிறுவிய பின்னரே தொல்லை தொடங்குதல் உண்டு. ஒலி எழாது; இணையம் கிட்டாது; யு.எஸ்.பி. துறையிற் செருகிய பொருளைக் கணினி அறியாது. திரையிலுள்ள உருவங்கள் அளவிற் பெருத்துத் தோன்றும். அந்நிலையிற் பலகையே பழுதென்று துணிந்து அதனை விற்றவரிடம் மீளக் கொண்டு செல்வாரும், முறைமையைத் திரும்பத் திரும்ப நிறுவி, ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த எழுத்தையும் படத்தையும் அழித்துவிடுவாரும் உளர். மேற்கூறிய குறைகள் பலகையின் பழுதாலும் நிகழலாம். பழுதற்ற பலகையிற் செலுத்தி என்னும் மென்பொருள் பொருந்தாமையாலும் நிகழலாம். இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதற்கு வேண்டிய சான்றைக் கணினி தானே தருகின்றது. அதனைக் கேளாது மருந்து தேடுவதே இங்கு நிகழும் பெருந்தவறு.

பொதுவழக்கில் 'ட்றைவர்' எனப்படுவதே செலுத்தி. தாய்ப்பலகை ஒரே பலகையாயினும் ஒரே பொருளன்று. ஒலிக்கு ஒரு சில்லு, வலையமைப்புக்கு ஒரு சில்லு, கம்பியில்லாத் தொடர்புக்கு வேறொன்று எனப் பல சில்லுகள் அதன்கண் அமைந்துள. அவை ஒரே நிறுவனத்தாராற் செய்யப்படுவனவும் அல்ல. பலகையின் பெட்டியில் ஏசூஸ் என்றோ ஜிகாபைற் என்றோ பெயர் இருப்பினும், உள்ளிருக்கும் ஒலிச்சில்லு றியல்ரெக் நிறுவனத்தாருடையதாகவும், சில்லுத்தொகுதி இன்ரெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தாருடையதாகவும் இருத்தல் இயல்பு. ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனிக் கட்டளைமுறை உண்டு. விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை அவையனைத்தையும் இயல்பாக அறியாது. முறைமையின் பொதுக் கட்டளையைச் சில்லுக்குரிய தனிக் கட்டளையாக மாற்றி, சில்லின் மறுமொழியை முறைமைக்கு உணர்த்தும் மொழிபெயர்ப்பாளனே செலுத்தி. மொழிபெயர்ப்பாளன் இல்லாவிடின் பேசுவோர் இருவரும் நலமுடையராயினும் பேச்சு நிகழாது.

அங்ஙனமாயின் எந்தச் சில்லுக்கு எந்தச் செலுத்தி உரியதென முறைமை எவ்வாறு அறிகின்றது? முற்காலத்தில் அவ்வறிவு மனிதனுடைய பொறுப்பாயிருந்தது. பலகையிற் செருகும் அட்டைகளிலே சிறு முளைகளை இணைத்தும் நீக்கியும் இடையீட்டெண் முதலியவற்றைக் கையால் அமைத்தல் வேண்டும். இரண்டு அட்டைகளுக்கு ஒரே எண் அமைந்துவிடின் இரண்டும் செயலற்றுப்போதலும் உண்டு. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த பி.சி.ஐ. என்னும் இணைப்புமுறை இவ்விடர்க்குப் பெரிதும் தீர்வு கண்டது. அம்முறைப்படி ஒவ்வொரு சில்லும் தன்னகத்தே 256 பைற் அளவுள்ள பதிவேடொன்றைக் கொண்டிருத்தல் வேண்டும். அப்பதிவேட்டின் முதற்கண் செய்தவரைக் குறிக்கும் எண்ணும், அதனையடுத்துப் பொருளைக் குறிக்கும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். கணினி விழித்தெழும்போது ஒவ்வோரிடமாகச் சென்று அவ்வெண்களை வினவும். பொருள் இருக்குமிடத்து எண் கிடைக்கும். ஒன்றும் இல்லாவிடத்து எல்லாம் ஒன்றாக நிரம்பிய வெற்றெண்ணே கிடைக்கும். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, இவ்வகை விடையைக் கொண்டு செலுத்தியைத் தானே தேடியமர்த்தும் வழக்கத்தைப் பரவச் செய்தது.

இலக்கண நூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுப்பர். இவ்வெண்களுட் பெரும்பாலன இடுகுறியே. ஏ.எம்.டி. நிறுவனத்தின் எண் 1022, ஏசூஸ் நிறுவனத்தின் எண் 1043, ஜிகாபைற் நிறுவனத்தின் எண் 1458, எம்.எஸ்.ஐ. நிறுவனத்தின் எண் 1462. இவற்றிற்குப் பொருள் தேடுதல் வீண். இன்ரெல் நிறுவனத்தின் எண் மாத்திரம் காரணம் பற்றியது. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற செயலியின் பெயராகிய 8086 என்பதே அதன் எண்ணாகவும் அமைந்தது. றியல்ரெக் நிறுவனத்தின் எண் 10இசி என்பதாம். எண்ணிடையே எழுத்து வருதல் பதினாறு குறிகளால் எண்ணும் முறை பற்றியது. ஆகவே, ஒரு சில்லு தன்னைச் செய்தவர் 10இசி எனவும், தான் 8125 எனவும் கூறுமாயின், அது றியல்ரெக் நிறுவனத்தின் 2.5 கிகாபிற் வேகமுள்ள வலையமைப்புச் சில்லு என்பது ஐயமின்றித் துணியப்படும். பெட்டியின்மேல் எழுதிய பெயரைக் காட்டிலும் சில்லு தானே கூறும் இவ்வெண்ணே நம்பத்தக்கது. ஒரே பெயருடன் வெளிவரும் பலகைகளிலும் பதிப்பு மாறும்போது உள்ளிருக்கும் சில்லு மாறுதல் உண்டு. அப்பதிப்பெண் பலகையின் ஓரத்திற் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் பாராது பெயரொன்றையே கொண்டு செலுத்தியைப் பதிவிறக்கினார் அது பொருந்தவில்லை என வருந்துதல் வியப்பன்று.

விண்டோஸ் முறைமையில் 'டிவைஸ் மனேஜர்' என்னும் பகுதி இச்சான்றுகளையெல்லாம் ஒருங்கே காட்டும் பட்டியலாகும். குறையுள்ள பொருளின்மீது மஞ்சள்நிற வியப்புக்குறி காணப்படும். அதன்மேற் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, அதன் இயல்புகளைக் காட்டும் பெட்டியைத் திறந்து, 'டீற்றெயில்ஸ்' என்னும் பகுதியில் 'ஹாட்வெயர் ஐடீஸ்' என்பதைத் தெரிவுசெய்தால் மேற்கூறிய எண்கள் தோன்றும். வி.இ.என். என்னும் எழுத்துக்களின் பின் வருவது சில்லைச் செய்தவரின் எண், டி.இ.வி. என்பதன் பின் வருவது பொருளின் எண். அவற்றையடுத்து வரும் நீண்ட எண், அச்சில்லைத் தன் பலகையிற் பதித்தவர் யாரென்பதை உணர்த்தும்.

இப்பட்டியலை நோக்குவார் முதலில் தெளியவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. பொருள் பட்டியலிலேயே இல்லாதிருத்தல் வேறு. இருந்தும் செலுத்தி இல்லாதிருத்தல் வேறு. செலுத்தி அமைந்தும் தொழிற்படாதிருத்தல் வேறு. பட்டியலிலேயே இல்லாத பொருளுக்குச் செலுத்தியைத் தேடியலைதல் ஆளில்லா வீட்டிற்கு விருந்து கொண்டுசெல்லுதல் போலாம். அப்பொருள் பயோஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கலாம். அட்டை சரிவரச் செருகப்படாதிருக்கலாம். பலகையின் அமைப்பே அதனைத் தடுத்திருக்கலாம். பல பலகைகளில் எம்.2 எனப்படும் செருகிடத்தில் ஒரு தட்டைப் பொருத்தின், சாற்றா துறைகளுள் ஒன்றோ இரண்டோ செயலிழக்கும். பலகையோடு வரும் கைந்நூலில் இது சொல்லப்பட்டிருக்கும். அதனைப் பாராது பழைய வன்தட்டு இறந்துவிட்டதென முடிவுகட்டுதல் பொருந்தாது.

இரண்டாம் நிலையிற் பட்டியல் 28 என்னும் குறியெண்ணைக் காட்டும். செலுத்தி நிறுவப்படவில்லை என்பது அதன் பொருள். இஃது எளிய நிலை. சில்லு உயிருடன் இருந்து தன் எண்ணையும் கூறிவிட்டது. உரிய செலுத்தியைக் கொடுப்பதே எஞ்சியது. எனினும் பட்டியல் அப்பொருளுக்குக் கொடுக்கும் தற்காலிகப் பெயர் சில வேளைகளில் மருட்சி தரும். 'பி.சி.ஐ. சிம்பிள் கொமியூனிக்கேஷன்ஸ் கொன்றோலர்' என்பதைக் கண்டு மோடமொன்று எங்கோ இருப்பதாக எண்ணித் தேடுவார் உளர். இன்ரெல் செயலிக்குரிய புதுப் பலகைகளில் அது பெரும்பாலும் அந்நிறுவனத்தின் முகாமைப் பொறியைக் குறிப்பதாம். 'எஸ்.எம். பஸ் கொன்றோலர்' என்பது சில்லுத்தொகுதியின் உறுப்பு. சில்லுத்தொகுதிக்குரிய மென்பொருளை நிறுவியவுடன் அக்குறி மறையும். பலகை செய்தவர் தரும் செலுத்திகளுள் இச்சில்லுத்தொகுதி மென்பொருளை முதலில் நிறுவுதல் நன்று. பிற பொருள்கள் தொங்கி நிற்கும் கிளைகளுக்கு அடிமரம் அதுவேயாகலின், அதன் உறுப்புக்கள் பெயர்பெற்ற பின்னரே பட்டியலில் எஞ்சிய குறைகள் தெளிவாகப் புலப்படும்.

ஈண்டு ஒரு வேடிக்கையைக் குறிப்பிடல் தகும். இன்ரெல் நிறுவனத்தின் சில்லுத்தொகுதி மென்பொருளை நிறுவியபின் அதன் நாளைப் பார்த்தால் 1968ஆம் ஆண்டு யூலை மாதம் 18ஆந் தேதி எனக் காணப்படுதல் உண்டு. புதுப் பலகைக்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய செலுத்தியா எனத் திகைத்து, கணினியில் நச்சுநிரல் புகுந்ததோ என அஞ்சினாரும் உளர். உண்மையில் அஃது இன்ரெல் நிறுவனம் தோன்றிய நாள். விண்டோசுடன் வரும் மைக்ரோசொவ்ற் செலுத்திகள் பலவும் அவ்வாறே 2006ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆந் தேதியைத் தாங்கி நிற்கும். காரணம் யாதெனின், ஒரு பொருளுக்குப் பல செலுத்திகள் கிடைக்குமாயின், முறைமை அவற்றின் கையொப்பத்தையும் எண்பொருத்தத்தையும் முதலில் நோக்கி, அவை ஒத்தவிடத்து நாளிற் பிந்தியதையே கொள்ளும். பொதுச் செலுத்தி முந்திய நாளைக் கொண்டிருப்பின், சில்லு செய்தவரின் சிறப்புச் செலுத்திக்கு அது வழிவிடும். ஆகவே அந்நாள் எழுதப்பட்ட காலத்தைக் காட்டுவதன்று; முதன்மையை வகுப்பது. செலுத்தியின் வயதை அறிய விரும்புவார் நாளை விடுத்துப் பதிப்பெண்ணை நோக்குதல் வேண்டும்.

செலுத்தியின்மையால் எழும் இடர்களுள் மிக நுண்ணியது, செலுத்தியைப் பெறும் வழியே செலுத்தி இல்லாமையால் அடைபட்டுப்போதல். வலையமைப்புச் செலுத்தி இணையத்தில் உளது. இணையத்தை அடைய வலையமைப்புச் செலுத்தி வேண்டும். விண்டோஸ் 10 முதன்முதல் வெளிவந்தது 2015இல். அதன்பின் தோன்றிய 8125 போன்ற சில்லின் செலுத்தி அப்பழைய நிறுவற் பிரதியில் இருத்தற்கு வழியில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, இல்லப் பதிப்பின் முதல் அமைப்பின்போதே இணையத் தொடர்பை வேண்டி நிற்றலால் இவ்விடர் மேலும் வெளிப்பட்டது. முற்கூட்டியே வேறொரு கணினியில் உரிய செலுத்தியைப் பதிவிறக்கி யு.எஸ்.பி. கோலில் வைத்துக்கொள்ளுதல் சிறந்த வழி. அது செய்யாதவர்க்கும் ஒரு வழியுண்டு. அன்ட்றொயிட் கைத்தொலைபேசியை யு.எஸ்.பி. வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியோடு பகிரும்படி அமைத்தால், அதற்குரிய செலுத்தி விண்டோசின்கண் முன்னரே அமைந்திருத்தலாற் பெரும்பாலும் தொடர்பு உடனே கிட்டும். பலகையோடு வரும் வட்டை நம்பியிருத்தல் இக்காலத்திற்குப் பொருந்தாது. புதுக் கணினிகள் பலவற்றில் வட்டைப் படிக்கும் கருவியே இல்லை.

கணினி கூறும் சொல்லை அப்படியே கொள்ளாது அதன் காரணத்தை ஆராயவேண்டும் என்பதற்கு விண்டோஸ் 7 வரலாறு தக்க சான்றாகும். அம்முறைமை 2009இல் வெளிவந்தது. யு.எஸ்.பி. 3.0 என்னும் புதுமுறை அதற்கு முந்திய ஆண்டிலேயே வகுக்கப்பட்டதாயினும், அதனைச் செலுத்தும் மென்பொருள் விண்டோஸ் 7 இல் இடம்பெறவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 இலேயே இடம்பெற்றது. இடைக்காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. இன்ரெல் நிறுவனத்தின் சில்லுத்தொகுதிகள் புதிய கட்டுப்படுத்தியோடு பழைய யு.எஸ்.பி. 2.0 கட்டுப்படுத்தியையும் உடன்கொண்டிருந்தமையே காரணம். 2015இல் வந்த 100 வரிசைச் சில்லுத்தொகுதியில் அப்பழைய கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. அப்போதே தொல்லை தொடங்கிற்று.

புதுப் பலகையை வாங்கி, தாம் பழகிய விண்டோஸ் 7 ஐ நிறுவப் புகுந்தார் கண்டது யாது? பயோஸ் அமைப்பில் விசைப்பலகை நன்கு தொழிற்பட்டது. யு.எஸ்.பி. கோலிலிருந்து நிறுவல் தொடங்கிற்று. மொழியைத் தெரியுமாறு கேட்கும் முதற்றிரை தோன்றியவுடன் விசைப்பலகையும் சுட்டியும் ஒருங்கே உயிரிழந்தன. பயோஸ் தனக்கென யு.எஸ்.பி. அறிவு உடையது, முறைமை ஆட்சியை ஏற்றவுடன் அவ்வறிவு பயன்படாதொழியும். பழைய வட்டத் துறையிற் பி.எஸ்.2 விசைப்பலகையை இணைத்து இக்கட்டத்தைத் தாண்டினார்க்கு அடுத்த திரை வேறொரு புதிரை வைத்தது. வட்டுக் கருவிக்குரிய செலுத்தி காணப்படவில்லை என அது கூறிற்று. கணினியில் வட்டுக் கருவியே இல்லாதிருக்க அதன் செலுத்தியை எங்ஙனம் கொடுப்பது? அச்சொல்லை மெய்யெனக் கொண்டு வட்டுக் கருவிச் செலுத்தியைத் தேடிக் களைத்தவர் பலர். முறைமை தேடியது தன் நிறுவற்கோப்புக்கள் இருக்கும் இடத்தை; அவை யு.எஸ்.பி. கோலில் இருந்தன, யு.எஸ்.பி. கட்டுப்படுத்தியைச் செலுத்தும் மென்பொருள் இல்லாமையாற் கோல் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுதியவர் காலத்தில் நிறுவற் பிரதி வட்டிலேயே வருதல் வழக்காகலின் திரை வட்டையே குறைகூறியது. சாற்றா இணைப்புள்ள வட்டுக் கருவியும் பி.எஸ்.2 விசைப்பலகையும் உடையார்க்கு அதே பலகையில் அதே முறைமை இடரின்றி நிறுவப்பட்டமை இதனை உறுதிப்படுத்தும்.

இதற்குரிய தீர்வு யு.எஸ்.பி. 3.0 செலுத்தியை நிறுவற் பிரதியின் உள்ளேயே சேர்த்தலாகும். பலகை செய்தோர் சிலர் அதற்கெனக் கருவிமென்பொருளையும் வெளியிட்டனர். அங்கும் ஒரு நுணுக்கம் இருந்தது. நிறுவற் பிரதியில் இரண்டு உருக்கோப்புக்கள் உள: ஒன்று நிறுவலை நடத்துவது, மற்றையது தட்டிற் படியும் முறைமை. முன்னையதில் மாத்திரம் செலுத்தியைச் சேர்த்தார்க்கு நிறுவல் நன்கு முடிந்து, முதல் மறுதொடக்கத்தின்பின் விசைப்பலகை மீண்டும் இறந்தது. பின்னையதில் மாத்திரம் சேர்த்தார் தொடங்கவே இயலாது நின்றனர். இரண்டினும் சேர்த்தவரே கரைசேர்ந்தனர். விண்டோஸ் 7 க்கு மைக்ரோசொவ்ற் அளித்த பொதுப் பாதுகாப்பு 2020 சனவரியில் முடிந்தமையால், இன்று அதனைப் புதுப் பலகையில் நிறுவுதல் பரிந்துரைக்கத்தக்கதன்று.

முறைமை முந்தியதாகவும் பலகை பிந்தியதாகவும் அமையுமிடமெல்லாம் இவ்விடர் உருமாறி வருதலைக் காணலாம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, சாற்றா தட்டுக்களைக் காணாது நின்றபோது, நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி நெகிழ்வட்டிலிருந்து செலுத்தியைக் கொடுக்கவேண்டியிருந்தது. 2020இல் இன்ரெல் பதினொராந் தலைமுறைச் செயலிகளோடு வி.எம்.டி. என்னும் தட்டு முகாமை பரவியபின் அதே காட்சி மீண்டும் நிகழ்ந்தது: பயோஸ் தட்டைக் காட்டும், விண்டோஸ் நிறுவலோ தட்டு எதுவும் இல்லையென்னும். தட்டு இறந்ததன்று; இடையிலுள்ள வாயிலுக்குத் திறவுகோல் இல்லை. இன்ரெல் தரும் செலுத்தியை விரித்து யு.எஸ்.பி. கோலில் இட்டு, செலுத்தியை ஏற்றும் பொத்தானை அழுத்திக் காட்டின் தட்டு தோன்றும். விரிக்கப்படாத நிறுவற்கோப்பை அங்குக் காட்டுதல் பயன்தராது. எண்களின் பட்டியலைத் தாங்கிய ஐ.என்.எஃப். கோப்பையே முறைமை தேடும். பயோஸில் வி.எம்.டி. ஐ அணைத்தும் இடரைத் தவிர்க்கலாம். ஆயின், அது செயற்பட்டிருக்கும்போது நிறுவிய முறைமை, பின்னர் அதனை அணைத்தால் தொடங்காதுபோகும். இந்நிலையில் தட்டு அழிந்ததென அஞ்சி மீள நிறுவுதலே உண்மையான அழிவைத் தருவது. பழைய அமைப்பைத் திருப்பிவைத்தாற் போதும்.

மூன்றாம் நிலை, செலுத்தி அமைந்தும் பொருள் தொழிற்படாமை. பொருள் தொடங்கவில்லை என்பதை 10 என்னும் குறியெண்ணும், பொருள் தானே குறை கூறியமையால் நிறுத்தப்பட்டது என்பதை 43 என்னும் எண்ணும் குறிக்கும். இங்கே முதலிற் செய்யத்தக்கது மறுதொடக்கம். கணினியை அணைத்து மீண்டும் போடுதலும் மறுதொடக்கமும் ஒன்றெனப் பலர் கருதுவர். 2012இல் விண்டோஸ் 8 வந்தபின் அவை ஒன்றல்ல. விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு அமைந்துள்ள கணினியை அணைக்கும்போது முறைமையின் கருவும் செலுத்திகளின் நிலையும் தட்டிற் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். பிழையான நிலையும் உடன் எழும். மறுதொடக்கமே அனைத்தையும் புதிதாகத் தொடங்கும். அதுவும் பயன்படாவிடின், கணினியை அணைத்து மின்வடத்தையும் கழற்றிச் சிறிதுநேரம் விட்டு, தொடக்கப் பொத்தானைச் சில கணம் அழுத்தி எஞ்சிய மின்னை வடித்தபின் மீளப் போடுதல் வேண்டும். அணைத்த பின்னரும் பலகையிற் சிறிதளவு மின் நின்றுகொண்டிருத்தலால், கம்பியில்லாத் தொடர்புச் சில்லு போன்றவை பழைய மயக்கத்தினின்று தெளியாதிருத்தல் உண்டு.

குறியெண் 52 தோன்றின் செலுத்தியின் இலக்கமுறைக் கையொப்பம் ஏற்கப்படவில்லை என்பது பொருள். 2007இல் விண்டோஸ் விஸ்ற்றா வெளிவந்த காலந்தொட்டு 64 பிற் முறைமைகள் கையொப்பமற்ற செலுத்தியைக் கருவினுள் விடுவதில்லை. இக்காவலை அணைத்துவிடும் வழிகள் பல இடங்களிற் கூறப்படுகின்றன. அவற்றைக் கைக்கொள்ளுதல் அறிவுடைமையன்று. செலுத்தி முறைமையின் உள்ளறையில் முழு அதிகாரத்தோடு உலவும் மென்பொருள். அவ்வறையின் காவலை நீக்குதல் ஒரு பொருளுக்காக வீட்டையே திறந்துவிடுதலாம். எல்லாச் செலுத்திகளையும் தாமே தேடிப் புதுப்பிப்பதாகக் கூறி விற்கப்படும் மென்பொருள்களும் ஐயத்திற்குரியன. அண்மித்த எண்ணைக் கொண்டு பொருந்தாததை அமர்த்துதலும், நன்றாயிருந்ததைக் கெடுத்தலும் அவற்றால் நிகழக்கூடும். பலகை செய்தவரின் தளமும், அங்கு இல்லாவிடிற் சில்லு செய்தவரின் தளமும், விண்டோசின் புதுப்பித்தற் பகுதியும் ஆகிய மூன்றிடங்களே போதியன.

இவையனைத்தும் செய்தும் குறை தீராதவிடத்துப் பலகையின்மேல் ஐயங்கொள்ளுதல் முறையாகும். அப்போதும் அதனைக் கழற்றுமுன் ஒரு சோதனை எஞ்சியுளது. லினக்ஸ் முறைமையைத் தட்டில் நிறுவாமலே யு.எஸ்.பி. கோலிலிருந்து இயக்கிப் பார்க்கலாம், தட்டிலுள்ளவை தீண்டப்படா. லினக்ஸின் செலுத்திகளுட் பெரும்பாலன அதன் கருவுடனேயே வருவன; ஆகலின் அண்மையில் வெளிவந்த பதிப்பையே இதற்குக் கொள்ளல் வேண்டும். விண்டோசில் ஊமையாயிருந்த ஒலிச்சில்லு அங்கே பேசுமாயின், வலையமைப்பு அங்கே கிட்டுமாயின், பலகை குற்றமற்றது, தேடவேண்டியது செலுத்தியையே. இரண்டு முறைமைகளிலும் அப்பொருள் பட்டியலிலேயே தோன்றாது, பயோஸிலும் அணைக்கப்படாதிருப்பின், பலகையை உத்தரவாதக் காலத்தினுள்ளே விற்றவரிடம் கொண்டு செல்லலாம். குறியெண்ணையும், இரு முறைமைகளிலும் கண்டவற்றையும் ஒரு தாளில் எழுதி உடன்கொண்டு செல்வாராயின், அங்குள்ளாரும் மீண்டும் முதலிலிருந்து தேடவேண்டியதில்லை.